இறகு தொட்ட நரம்பு

1968இல் வெளிவந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், தொடங்கிய உடனேயே நம்மை ஒரு வாசிப்பின் நடுவில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. பொய்முடியும் பழங்கால உடுப்புமாக ஓர் ஒல்லியான மனிதர் ஹார்ப்சிகார்ட் வாசிக்கிறார். பாக் எழுதிய ஐந்தாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில் வரும் நீண்ட தனி வாசிப்பு அது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகரும் வயலின்காரரும் ஒதுங்கிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் போல, மற்ற வாத்தியக்காரர்கள் காத்திருக்கிறார்கள். கேமரா வெட்டுவதில்லை. அந்த மனிதர் முகத்தில் எதையும் காட்ட முயல்வதும் இல்லை. கடைசியில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்போது நமக்கே மூச்சு வருகிறது.

ழான்-மரி ஸ்ட்ராப், டேனியல் உய்யே தம்பதி இயக்கிய ‘அன்னா மக்தலேனா பாக்கின் நாளேடு’ என்ற படம் அது. பாக்காக வருபவர் நடிகர் அல்லர். ஆம்ஸ்டர்டாம் நகரின் ஹார்ப்சிகார்ட், ஆர்கன் கலைஞர் குஸ்டாவ் லியோன்ஹார்ட். பாக்கை ஆதரித்த கோத்தன் நாட்டு இளவரசராக வருபவர் அவருடைய வியன்னா நண்பர் நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட். வாசிப்பு முழுவதும் படப்பிடிப்பின்போதே ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பின்னால் வேறு யாரோ வாசித்துச் சேர்த்தது அல்ல.

நான் இந்தப் படத்தைப் பார்த்தபோது ஹார்ப்சிகார்ட் எனக்குப் புதிய ஒலியாக இல்லை. நம் ஊரில் கேசியோ கீபோர்டு வைத்திருந்த எந்த வீட்டிலும் அந்தப் பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் ‘கிணிங் கிணிங்’ என்று கேட்கும், இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். அந்தச் சலிப்பூட்டும் ஒலியிலிருந்து ஒரு மனிதக் குரலை இவர் எப்படி எடுத்தார் என்ற கேள்விதான் என்னைப் பல ஆண்டுகளாக அவருடைய இசைத்தட்டுகளுக்குப் பின்னால் அலையவிட்டது.

லியோன்ஹார்ட் 1928இல் நெதர்லாந்தில் ஹில்வர்சும் நகரை ஒட்டிய ஸ்-கிராவெலாந்த் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்த நாட்டில் பாக்கின் இசை எப்படி ஒலித்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1939ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்ஹெபாவ் அரங்கில் வில்லெம் மெங்கல்பெர்க் நடத்திய பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ ஒலிப்பதிவாக நம் கையில் இருக்கிறது. பிரம்மாண்டமான பாடகர் குழு, பெரிய சிம்பொனி இசைக்குழு, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தேர் திரும்புவது போல ஒரு பெரிய இழுப்பு. கேட்டால் இன்றும் கண் கலங்கும். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்தக் கூட்டத்துக்கு அது வெறும் கச்சேரியாக இருக்கவில்லை, ஆண்டுதோறும் கூடிய வழிபாடாக இருந்தது. ஆனால் பாக் தன் லைப்சிக் தேவாலயத்தில் கேட்டது இதுவல்ல. அவர் கையில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான்.

அன்றைய ஹார்ப்சிகார்டும் அப்படித்தான் பெருத்துப் போயிருந்தது. பியானோவின் காலத்தில் மறக்கப்பட்ட அந்த வாத்தியத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடைக்கு மீட்டுக் கொண்டுவந்தவர் போலந்தில் பிறந்த வாண்டா லாண்டோவ்ஸ்கா. அவருக்காகப் பாரிஸின் பிளேயெல் நிறுவனம் செய்து கொடுத்த கருவி, உண்மையில் பியானோ தொழிற்சாலையின் பிள்ளை. இழுவையைத் தாங்க இரும்புச் சட்டம், கனத்த மரப்பெட்டி, ஒலியை மாற்ற வரிசையாக மிதிகள், கீழ் ஸ்தாயியில் உறுமும் கூடுதல் நரம்பு வரிசை. பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்ற கவலையில் செய்த வாத்தியம். கவலை நியாயமானது. ஆனால் அவ்வளவு இரும்பைச் சுமந்த பெட்டி அதிர மறுத்தது.

பழைய கருவி வேறு மாதிரியானது. அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் முதலில் தோன்றுவது, இதில் ஒன்றுமே இல்லையே என்பதுதான். மெல்லிய பலகைகளால் ஆன நீண்ட பெட்டி, பித்தளையிலும் இரும்பிலும் மயிரிழை போன்ற கம்பிகள். ஒரு கட்டையை மெதுவாக, மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். மறுமுனையில் ஒல்லியான ஒரு மரச்சில் எழும்புகிறது. அதன் பக்கவாட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் அது காக்கை போன்ற பறவையின் இறகுத் தண்டைச் சீவிச் செய்தது. முள் கம்பியின் அடியைத் தொடும் இடத்தில் விரலுக்கு ஒரு தடை தெரியும். இன்னும் ஒரு நூலளவு அழுத்தினால் முள் வளைந்து, கம்பியை மீட்டிவிட்டு மேலே போய்விடும். கட்டையை விட்டால் மரச்சில் கீழே இறங்கும். முள் பொருத்திய சிறு நாக்கு பின்னுக்குச் சாய்ந்து கம்பியை மறுபடி மீட்டாமல் நழுவிவிடும். சில்லின் தலையிலிருக்கும் துணித்துண்டு கம்பியில் உட்கார்ந்து ஒலியை அணைக்கும். ஆக, இது அடிக்கும் வாத்தியம் அல்ல. வீணையைப் போல, தம்புராவைப் போல மீட்டும் வாத்தியம். இடையில் விரலுக்குப் பதில் ஓர் இறகு.

இதில் ஒரு கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. வீணைக்காரர் வேண்டிய சுரத்தை அழுத்தி மீட்டலாம். பியானோக்காரர் ஓங்கியும் வருடியும் அடிக்கலாம். ஹார்ப்சிகார்டில் எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சுரம் முக்கியமானது, அடுத்தது சாதாரணமானது என்று கேட்பவருக்குச் சொல்ல வழியே இல்லாததுபோல் தோன்றும். கேசியோ பொத்தான் சலித்ததற்குக் காரணமும் அதுதான்.

லியோன்ஹார்ட் கண்ட வழி காலம். அழுத்தம் தர வேண்டிய சுரத்துக்கு முன்னால் உள்ள சுரத்தைச் சற்று முன்பே விட்டுவிடுவார். கண்ணிமைக்கும் நேரம் மௌனம். அந்த மௌனத்துக்குப் பின் வரும் சுரம் பெரிதாகக் கேட்கும், அதன் ஒலி கூடவே இல்லை என்றாலும். வேறோர் இடத்தில் இடக்கையை முதலில் விழவிட்டு வலக்கையை ஒரு மயிரிழை தாமதமாகக் கொண்டுவருவார். இன்னோர் இடத்தில் ஒரு சுரத்தை அதன் கணக்குக்கு மேல் பிடித்து வைத்து, அடுத்தது அதன் எதிரொலியில் கரையும்படி செய்வார். தாளம் கலைவதில்லை. பேச்சில் நாம் ஒரு சொல்லுக்கு முன் தயங்கினால் அந்தச் சொல்லுக்குக் கனம் வருகிறதே, அந்தத் தயக்கம்தான் அது. இந்த நுட்பங்கள் 17, 18ஆம் நூற்றாண்டு நூல்களில் சிதறிக் கிடந்தவை. அவற்றைப் படித்துவிட்டு விரலுக்கு இறக்கியது அவர் உழைப்பு.

படிப்புக்காக அவர் போன இடம் சுவிட்சர்லாந்தின் பாசெல். பழைய இசைக்கென்றே இருந்த ஸ்கோலா கன்டோரம் என்ற பள்ளியில் 1947 முதல் 1950 வரை எட்வர்ட் முல்லரிடம் ஆர்கனும் ஹார்ப்சிகார்டும் கற்றார். பிறகு வியன்னா. இசை நடத்தும் கலையைப் பயில என்று சொல்லிக்கொண்டு போனவர், பகலெல்லாம் கிடந்தது தேசிய நூலகத்தில். பழைய இசைப் பிரதிகளையும் நூல்களையும் கையால் எழுதி எடுத்தார். ஒளிநகல் இல்லாத காலம். அன்று பழைய இசையில் ஒருவர் வாழ வேண்டுமானால் முதலில் எழுத்தராக இருக்க வேண்டியிருந்தது. இன்று அதே பிரதிகளில் பெரும்பகுதியை ஒரு மாணவி பேருந்தில் போகும்போது கைப்பேசியில் புரட்டுகிறாள். வசதி பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு சுரத்தையும் மையால் எழுதிய கை அதைப் பின்னால் வாசிக்கும்போது என்ன நினைத்திருக்கும் என்ற யோசனை எனக்கு ஓய்வதில்லை.

1950இல் வியன்னாவில் அவர் மேடையேறியபோது எடுத்துக்கொண்டது பாக்கின் ‘ஃபியூக் கலை’. எந்த வாத்தியத்துக்கு என்று குறிக்காமல் பாக் விட்டுச்சென்ற படைப்பு. வாசிப்பதற்கல்ல, படித்து வியப்பதற்கு என்று பலரும் ஒதுக்கி வைத்திருந்தது. இது ஹார்ப்சிகார்டுக்கு எழுதியதுதான் என்று 1952இல் ஒரு சிறு நூலே எழுதி வாதிட்டார். அப்போது வயது 24. இன்று ஹார்ப்சிகார்டில் ‘ஃபியூக் கலை’ வாசிப்பது சாதாரணம். அதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

1954இல் அவரும் ஹார்னன்கோர்ட்டும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஆங்கிலேயப் பாடகர் ஆல்ஃபிரட் டெல்லருக்குப் பக்கம் வாசித்து, குரலும் வாத்தியமும் சேர்ந்த கான்டாட்டா என்ற வகையில் பாக் எழுதிய இரண்டு படைப்புகளைப் பதிவு செய்தார்கள். வயலினில் எஃகுக் கம்பிக்குப் பதில் ஆட்டுக்குடல் நரம்பு. பெண் குரல் ஸ்தாயியில் ஓர் ஆண் பாடுவது. கேட்ட பலருக்கும் இது விநோதம். ஒலி மெலிவு, சுருதி நடுக்கம். உண்மையில் அந்தக் காலப் பதிவுகளில் பிசகுகள் உண்டு. பழைய வாத்தியத்தை வைத்திருப்பது ஒன்று, வாசிக்கத் தெரிவது வேறு. சொல்லித்தர ஆள் இல்லாமல், மேடையிலேயே கற்றுக்கொண்ட தலைமுறை அது.

தகுந்த ஹார்ப்சிகார்டுக்கே காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபிராங்க் ஹப்பர்டும் வில்லியம் டவுடும் 1949இல் பட்டறை தொடங்கி, பழைய கருவிகளை அளந்து அதேபோல் செய்யத் துணிந்தார்கள். ஜெர்மனியின் பிரேமனில் மார்ட்டின் ஸ்கோவ்ரோனெக் தனி ஆளாக அதே வேலையில் இறங்கினார். 1745இல் ஆன்ட்வெர்ப் நகரில் டுல்கன் செய்த கருவியை முன்மாதிரியாக வைத்து 1962இல் அவர் லியோன்ஹார்டுக்குச் செய்து கொடுத்த ஹார்ப்சிகார்ட், இந்தக் கதையில் இன்னொரு பாத்திரம் என்றே சொல்வேன். இரும்பு இல்லை, மிதி இல்லை. விரல் கேட்டதற்குப் பெட்டி பதில் சொன்னது.

பிறகு நடந்தது இரண்டு பேர் தூக்கிய மலை. 1971இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்கள் அனைத்தையும் பழைய வாத்தியங்களில் பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட 200 படைப்புகள். ஆம்ஸ்டர்டாமில் லியோன்ஹார்ட் தன் குழுவோடு ஒரு பங்கு, வியன்னாவில் ஹார்னன்கோர்ட் தன் குழுவோடு மறு பங்கு. ஒவ்வொரு பெட்டியிலும் இசைத்தட்டுகளோடு முழு இசைப்பிரதியும் வைத்துக் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டே படி என்று. அப்படிப் படித்து வளர்ந்த ரசிகர்கள் ஐரோப்பா முழுக்க உண்டு. 1980இல் இருவருக்கும் சேர்த்து எராஸ்மஸ் பரிசு கிடைத்தது.

நடத்துநர் என்ற பட்டம் லியோன்ஹார்டுக்கு ஒட்டவே இல்லை. கோலை வீசி ஆணையிடுபவர் அல்லர் அவர். ஹார்ப்சிகார்ட் முன் உட்கார்ந்தபடியே, தலையசைவில், பெரும்பாலும் தன் இடக்கை வாசிக்கும் அடிநாதத்தின் நடையிலேயே குழுவைக் கொண்டுபோவார். மெங்கல்பெர்க்கின் ஊரில் இது எவ்வளவு பெரிய மாற்றம்! ஹார்னன்கோர்ட் வேறு குணம். கண்ணை உருட்டி, கையை வீசி, தீப்பொறி பறக்க நடத்துவார். 1975 முதல் அவர் கான்செர்ட்ஹெபாவ் இசைக்குழுவையே நடத்தினார். குருத்தோலை ஞாயிறு கண்ட அதே அரங்கு, அதே குழு, நவீன வாத்தியங்கள். ஆனால் வாசிப்பு மாறிவிட்டது. பெரிய இசைக்குழு என்ற கோட்டையை வெளியிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டார், உள்ளே போய் இன்னொருவர் கேட்டார். எனக்கு லியோன்ஹார்டின் வழியில்தான் மனம் ஒட்டுகிறது. அவர் தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை, கோட்டைக்காரர்கள்தான் தேடி வந்தார்கள்.

வீடு என்றதும் சொல்ல வேண்டும். ஆம்ஸ்டர்டாம் ஹேரன்கிராக்ட் கால்வாய்க் கரையில், 17ஆம் நூற்றாண்டில் கட்டிய பார்டொலோட்டி மாளிகையின் ஒரு பகுதியில் அவரும் வயலின் கலைஞரான மனைவி மரியும் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் அவரிடம் படிக்க ஆம்ஸ்டர்டாம் வந்தார்கள். கிறிஸ்டோபர் ஹாக்வுட் இங்கிலாந்து திரும்பி 1973இல் ‘அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக்’ குழுவைத் தொடங்கினார். டோன் கோப்மன் 1979இல் ஆம்ஸ்டர்டாம் பரோக் இசைக்குழுவைத் தொடங்கி, பின்னாளில் தானும் கான்டாட்டாக்கள் முழுவதையும் பதிவு செய்தார். அந்தக் கோப்மனிடம் படிக்க வந்தவர் கோபே நகரத்து மசாகி சுசுகி. அவரும் ஹார்ப்சிகார்ட், ஆர்கன் வாசிப்பவர், இசை நடத்துபவர். 1990இல் பாக் கொலீஜியம் ஜப்பான் குழுவைத் தொடங்கினார். 1995 முதல் 2013 வரை கோபேயில் ஒரு கல்லூரிச் சிற்றாலயத்தில் எல்லாத் தேவாலயக் கான்டாட்டாக்களும் பதிவாயின. 1995 ஜனவரியில்தான் அந்த நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியிருந்தது. சுசுகியின் மகன் மசாதோவும் இன்று அதே வழியில் இருக்கிறார். குரு, சிஷ்யன், சிஷ்யனின் சிஷ்யன், அவர் பிள்ளை என்று நான்காம் தலைமுறை. இதைப் புரிந்துகொள்ள நமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இன்று ஒரு பெண் ஹார்ப்சிகார்ட் படிக்க விரும்பினால் ஆம்ஸ்டர்டாம், த ஹேக், பாசெல் என்று துறைகள் காத்திருக்கின்றன. உட்ரெக்ட் நகரில் 1982 முதல் ஆண்டுதோறும் பழைய இசைக்கென்றே திருவிழா. நல்ல நகல் கருவி செய்யும் கைகள் பல நாடுகளில் உண்டு. இறகுக்குப் பதில் பெரும்பாலும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் முள், அடிக்கடி உடையாது. சுருதி சேர்க்கக் கைப்பேசியில் செயலி. மேடையில் நடு ‘ஏ’ சுரத்தை 415 அதிர்வில் வைப்பது, அதாவது இன்றைய வழக்கத்துக்கு அரைக்கட்டை கீழே வைப்பது, எழுதாத சட்டம் ஆகிவிட்டது.

பிழைப்பு மட்டும் எளிதாகவில்லை. அன்று வேலை இல்லை, ஏனென்றால் வாசிப்பவர் இல்லை. இன்று வாசிப்பவர் ஏராளம், நிலையான வேலை அரிது. மூன்று நாடுகளில் ஐந்து குழுக்களுக்கு நாள் கணக்கில் வாசித்து, ரயிலில் தூங்கி ஓடும் வாழ்க்கை. 2013 முதல் நெதர்லாந்து அரசு கலைகளுக்கான மானியத்தில் 20 கோடி யூரோ குறைத்தபோது அடி வாங்கியவர்களில் இவர்களும் உண்டு. லியோன்ஹார்டின் நெடுநாள் தோழர் ஃபிரான்ஸ் ப்ரூகன் 1981இல் தொடங்கிய ‘பதினெட்டாம் நூற்றாண்டு இசைக்குழு’ போன்ற பெயர்பெற்ற குழுவே மானியத்தை இழந்தது. ஓர் இயக்கம் வென்ற நாட்டிலேயே இப்படி.

அவர் வைத்த எல்லாமே நிலைத்ததா? இல்லை. கான்டாட்டா வரிசையில் மேல்ஸ்தாயிப் பாடல்களைப் பெரும்பாலும் சிறுவர்களே பாடினார்கள், பாக்கின் தேவாலயத்தில் பாடியதுபோல. சில இடங்களில் அந்தப் பிள்ளைகள் மூச்சுக்குத் தவிப்பது கேட்கும். வேறு சில இடங்களில், தேர்ந்த எந்தப் பாடகியாலும் தர முடியாத ஒரு வெறுமை, ஒரு நேர்மை. கோப்மனும் சுசுகியும் பெண் பாடகர்களிடம் திரும்பினார்கள், உலகமும் அப்படியே திரும்பியது. நியாயமான முடிவுதான். ஆனாலும் அந்தச் சிறுவர் குரல்களை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

துரத்திய ஒன்று திரும்பியும் வந்திருக்கிறது. பிளேயெல் கருவியில் உறுமிய அந்தக் கீழ் ஸ்தாயி நரம்பு வரிசை, வரலாற்றுக்குப் புறம்பானது என்று புதிய தலைமுறை ஒதுக்கியது. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஹாம்பர்க் நகரின் ஹாஸ் குடும்பத்தார் செய்த சில பெரிய ஹார்ப்சிகார்டுகளில் அது உண்மையாகவே இருந்தது. அத்தகைய ஒன்றின் நகலில் ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஆன்ட்ரேயாஸ் ஸ்டையர் வாசித்து 2010இல் வெளியிட்ட பாக்கின் ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ கேட்டால், லாண்டோவ்ஸ்காவின் காது முழுத் தவறில்லை என்று தோன்றுகிறது. டெஹ்ரானில் பிறந்த மஹான் எஸ்ஃபஹானி இன்னும் ஒருபடி மேலே போய், ஹார்ப்சிகார்ட் பழைய இசைக்கு மட்டும் அடிமையா என்று கேட்டு நம் காலத்து இசையை அதில் வாசிக்கிறார். 2016இல் கொலோன் நகரில் இக்கால இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் ஒரு படைப்பை வாசித்தபோது அரங்கில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு நிறுத்த வைத்தார்கள். 1950களில் பழையதை வாசித்தவர்களுக்குக் கிடைத்த முகச்சுளிப்பு, இன்று புதியதை வாசிப்பவருக்குக் கிடைக்கிறது. லியோன்ஹார்ட் இதை ரசித்திருப்பாரா? நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அவர் ரசனை குறுகியது, ஆழமானது. பாக்கும், பாக்குக்கு முந்தைய இசையமைப்பாளர்களான ஃப்ரோபெர்கரும் கூப்பெரன்களும் அவருக்கு ஆயுளுக்குப் போதுமானவர்கள்.

2011 டிசம்பர் 12ஆம் தேதி பாரிஸின் பூஃப் தியு நோர் அரங்கில், பூச்சு உதிர்ந்த பழைய சுவர்களுக்கு நடுவே, கடைசியாக வாசித்தார். உடல் நலிந்திருந்தது. அடுத்த ஜனவரி 16ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் காலமானார், 83 வயது.

‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ படைப்பை அவர் மூன்று முறை பதிவு செய்திருக்கிறார். ஓர் அரியா, அதன் மேல் 30 மாறுபாடுகள், முடிவில் மறுபடி அதே அரியா. 1953இல் முதல் பதிவு, கனடாவின் கிளென் கூல்ட் அதைப் பியானோவில் வாசித்து உலகப் புகழ் பெறுவதற்குச் சில ஆண்டு முன்னால். 1965இல் இரண்டாவது, ஸ்கோவ்ரோனெக்கின் கருவியில். 70களின் பிற்பகுதியில் மூன்றாவது. ஒரு மனிதருக்குள் நடந்த அன்றும் இன்றும் எனக்கு இந்த மூன்றிலும்தான் கேட்கிறது. முதலாவதில் 25 வயது இளைஞர் நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் கணக்காக வைக்கிறார். பிழை சொல்ல ஒன்றுமில்லை. நெருங்கவும் இடமில்லை. இரண்டாவதில் கைகள் பிரியத் தொடங்குகின்றன. மூன்றாவதை இரவில், வீட்டில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் கேட்பேன். அரியா தொடங்குகிறது. இடக்கையின் முதல் சுரம் கீழே விழுகிறது, பெட்டி அதை மெல்ல விரிக்கிறது. மேலே வர வேண்டிய சுரம் இன்னும் வரவில்லை.